அழைக்கப்பட்டவர்களும் ஏற்றப்பட்டவர்களும்: கடற்கரைச் சுவரொட்டிகளும் நம் பயண வரலாறும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளையொட்டி நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு இவ்வாண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நூறாண்டுக்கு முந்தைய கடற்கரைச் சுற்றுலாச் சுவரொட்டிகளுக்கும் மணவாள நகரில் கூடியிருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கேள்வியை எழுப்பியவர் எங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஒரு பெயின்டர் தோழர்.

அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தங்கும் விடுதிக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தார். இருபது நாள் வேலை. வரவேற்பறைச் சுவருக்கு அவர் இரண்டாவது கோட் அடித்து முடித்ததும், கண்ணாடிச் சட்டம் போட்ட நான்கு படங்களைக் கொண்டுவந்து அதில் மாட்டினார்கள். எல்லாம் பழைய கடற்கரைச் சுவரொட்டிகளின் மறுஅச்சு. மஞ்சள் மணல், நீலக் கடல், சிவப்புக் குடை, குடைக்குக் கீழே கண்ணும் மூக்கும் வரையப்படாத ஒரு பெண். தோழர் அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து எங்களிடம் காட்டினார். "பார்க்க நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல வேலை செய்யறவன் ஒருத்தன்கூட இல்லியே, தோழர்?" என்றார். அந்த இருபது நாளும் வேலையாட்கள் விடுதியின் பின்பக்கத்துக் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் போனதன் விளைவே இந்தக் கட்டுரை. அந்தப் படங்களில் உழைப்பவர் ஏன் இல்லை? அவை வரையப்பட்ட காலத்தில் நாம் எங்கே இருந்தோம்?

1. சுவரொட்டி எப்படி நவீனமானது

முதலில் அந்தப் படங்களுக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். அவை நல்ல கலை. எப்படி உருவாயின என்று தெரிந்துகொள்வது சுவரொட்டி ஒட்டியே வளர்ந்த இயக்கத்துக்காரர்களான நமக்குப் பயன்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயில்வே விளம்பரங்கள் பெரும்பாலும் எழுத்துக் குவியலாகவே இருந்தன. கட்டணம், நேரம், ஊர்ப் பெயர்கள், ஓரத்தில் நாலைந்து சிறு படங்கள். நடைமேடையில் ஓடுகிறவர் நின்று படிக்க முடியாது. 1908-இல் இங்கிலாந்தின் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக ஜான் ஹாசல் என்ற ஓவியர் ஸ்கெக்னஸ் கடற்கரைக்கு ஒரு சுவரொட்டி வரைந்தார். அதற்கு அவர் பெற்ற கூலி 12 கினி. தொப்பை பெருத்த ஒரு மீனவர் மணலில் துள்ளிக் குதித்து ஓடுகிறார். பின்னால் கடல். அவ்வளவுதான் படம். பார்த்தவர் மறக்கவில்லை.

அதற்குப் பின் வந்தவர்கள் இன்னும் குறைத்தார்கள். 1923-இல் பிரிட்டனின் ரயில்வே நிறுவனங்கள் நான்கு பெரும் குழுமங்களாக இணைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே, டாம் பர்விஸ் போன்ற ஓவியர்களைத் தொடர்ந்து வேலைக்கு அமர்த்தியது. பர்விஸ் உருவங்களின் வெளிக்கோட்டையே விட்டுவிட்டார். ஒரு வண்ணத் தளம் முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கும். நிழலுக்குக் கருப்பு வராது, ஊதாவோ கரும்பச்சையோ வரும். 1931-இல் அவர் வரைந்த 'கிழக்குக் கடற்கரை இன்பங்கள்' என்ற ஆறு சுவரொட்டிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் ஒரே நீண்ட கடற்கரையாகச் சேரும். அதே காலத்தில் பிரான்சில் ரோஜர் புரோடர்ஸ் தென்கடற்கரை ஊர்களுக்காக இதே தட்டை வண்ண முறையில் வரைந்துகொண்டிருந்தார். கசாந்தர் என்ற பெயரில் இயங்கியவர் 1927-இல் வரைந்த 'வடக்கு விண்மீன்' ரயில் சுவரொட்டியில் ரயிலே கிடையாது. தண்டவாளங்கள் மட்டும் தொடுவானத்தை நோக்கி ஓடி ஒரு நட்சத்திரத்தில் முடியும்.

இந்தச் சுருக்கத்துக்குக் கலைக்கொள்கை மட்டும் காரணமில்லை. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லோ தகடோ வேண்டும். வண்ணம் குறைந்தால் செலவு குறையும். நகர்கிற வண்டியிலிருந்து இரண்டு நொடியில் கண்ணுக்குப் பிடிபட வேண்டும் என்பதால் எழுத்தும் கொஞ்சமாக, கொக்கி வளைவு இல்லாமல் இருக்க வேண்டும். 1928-இல் வெளிவந்த கில் சான்ஸ் எழுத்துருவை அந்த ரயில்வே தன் விளம்பரங்கள் அனைத்துக்கும் எடுத்துக்கொண்டது இதனால்தான். தேவையற்றதை நீக்கு, ஒன்றை மட்டும் சொல், தூரத்திலிருந்து தெரியும்படி சொல். நவீனத்துவ வடிவமைப்பு சுவரொட்டிக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

2. நீக்கப்பட்டவை எவை

எது தேவையற்றது என்று யார் முடிவு செய்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டியது.

பர்விஸின் ஆறு இன்பங்களில் வெயில் காய்தல் ஒன்று, கடலில் மீன் பிடித்தல் இன்னொன்று. பழவேற்காட்டில் மீன் பிடிப்பது பிழைப்பு. சுவரொட்டியில் அது பொழுதுபோக்கு. வெயிலும் அப்படித்தான். 1920களில் ஐரோப்பிய மேல்தட்டினரிடம் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை வெயிலில் கறுத்த தோல் வயலிலும் தெருவிலும் உழைக்கிறவரின் அடையாளம். ஆலையும் அலுவலகமும் உழைப்பைக் கூரைக்குள் கொண்டுபோன பிறகு, பழுப்புத் தோல் விடுமுறைக்குப் பணமும் நேரமும் உள்ளவரின் அடையாளமாயிற்று. அந்தக் காலத்துக் கடற்கரைச் சுவரொட்டிகளில் தேக நிறத்தைச் செம்பழுப்பாக, பளபளப்பாகத் தீட்டினார்கள். விரும்பி வாங்கிய வெயிலுக்கு அழகு என்று பெயர். கூலிக்காக வாங்கிய வெயிலுக்கு நம் ஊரில் என்ன பெயர் வைத்து அழைத்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

கசாந்தரின் தண்டவாளத்தை ஒரு கேங்மேனிடம் காட்டிப் பாருங்கள். தொடுவானம் வரை ஆளே இல்லாத தண்டவாளத்தை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அதில் நடப்பவர், நட்டு முடுக்குபவர், ஜல்லி கொட்டுபவர், மலம் அள்ளுபவர் என எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். ரயில் வருகிறதா என்று தலைதிருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஓவியம் அழகாக வேண்டுமென்றால் அவர்களை நீக்க வேண்டியிருந்தது. உழைப்பவரைக் காட்டினாலும் ஸ்கெக்னஸ் மீனவரைப் போல, பிழைப்பின் பாரம் எதுவும் இல்லாத வேடிக்கை உருவமாகக் காட்டினார்கள்.

ஐரோப்பியத் தொழிலாளிக்கே அந்தக் கடற்கரை எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரான்சில் 1936-இல் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, மக்கள் முன்னணி அரசு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் கடலையே பார்த்திராத தொழிலாளர் குடும்பங்கள் ரயிலேறிக் கடற்கரைக்கு வந்தன. பிரிட்டனில் சம்பளத்துடன் விடுப்புச் சட்டம் 1938-இல் வந்தது. அழைக்கும் படம் முதலில் வந்தது. போவதற்கான நாள் போராட்டத்துக்குப் பிறகே வந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வோம். கடைசியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

3. 'இந்தியாவுக்கு வாருங்கள்'

ஐரோப்பாவின் இந்தச் சுவரொட்டி மொழி இங்கும் வந்தது. 1920களின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே வாரியம் மத்திய விளம்பர அலுவலகம் ஒன்றை அமைத்தது. லண்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் கிளைகள் திறந்தன. 'இந்தியாவுக்கு வாருங்கள்' என்று ஆங்கிலத்தில் அழைக்கும் சுவரொட்டிகள் அச்சாயின. காசியின் படித்துறை, தாஜ்மகால், இமயம், தென்னாட்டுக் கோபுரம், பனைமரம். அதே தட்டை வண்ணம், அதே நீண்ட நிழல். மனிதர்கள் வந்தால் தலையில் குடத்தோடோ தலைப்பாகையோடோ, காட்சியின் ஒரு பகுதியாக வந்தார்கள். காண்பவர் ஒருவர், காட்சியாக நிற்பவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினையைச் சமூகவியலில் ஜான் அர்ரி 1990-இல் 'சுற்றுலாப் பார்வை' என்று பெயரிட்டு விளக்கினார். சாதியின் பார்வைக்குப் பழகிய நமக்கு அதைப் புரிந்துகொள்ளப் பாடநூல் தேவைப்படவில்லை.

உள்நாட்டு மூன்றாம் வகுப்புப் பயணிகளையும் ரயில்வே அழைக்காமல் இல்லை. பயணிகள் வருவாயின் பெரும்பகுதி அவர்களிடமிருந்தே வந்தது. ஆனால் அவர்களை அழைத்தது திருவிழாவுக்கும் தீர்த்த யாத்திரைக்கும். ஓய்வெடுக்க வா என்று கூப்பிட்டது முதல் வகுப்புக்காரரை. கோபுரத்தை வரைந்து உலகை அழைத்த ஆண்டுகளில் அந்தக் கோபுர வாசலுக்குள் நாம் போக முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-இல்.

கோயிலை விடுங்கள், தெருவையே எடுத்துக்கொள்வோம். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது 1924-இல். அரசாணையும் அந்த ஆண்டே வந்தது. உலகத்துக்கே வழிகாட்டிச் சுவரொட்டி அச்சடிக்கத் தொடங்கிய அதே பத்தாண்டில்தான், ஊர்த்தெருவில் நடக்கும் உரிமை நமக்குத் தாளில் கிடைத்தது.

ரயில் நிலையத்துக்குள் என்ன நிலைமை? தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடமும் 'இதராள்' என்று மற்றவர்களுக்கு வேறு இடமும் இருந்தன. சுயமரியாதை இயக்கம் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடிய பிறகு, 1941-இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. 'இதராள்' பக்கத்தில் நம் பாட்டனுக்கு டம்ளரில் தண்ணீர் கிடைத்ததா என்பது பலகையில் எழுதப்படாத கேள்வி. நடைமேடையின் ஒரு சுவரில் வாருங்கள் என்று விளம்பரம் ஒட்டிய நிர்வாகமே இன்னொரு சுவரில் சாதிப் பலகையும் மாட்டியிருந்தது.

அண்ணல் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு தன்வரலாற்றை மாணவத் தோழர்கள் இந்தப் பின்னணியில் மீண்டும் படிக்க வேண்டும். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1990-இல் மக்கள் கல்விக் கழகம் அதை நூலாக வெளியிட்டது. அதில் வரும் முதல் சம்பவமே ரயில் பயணம். 1901-இல், கோடை விடுமுறைக்குத் தந்தையைப் பார்க்கச் சதாராவிலிருந்து ரயிலேறிய சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். புது உடை, தொப்பி, உற்சாகம். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறிவிடுகிறது. இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகுதான் வண்டி கிடைக்கிறது. அதையும் பிள்ளைகளே ஓட்ட வேண்டும். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அதே நூலில் 1934-இல் நடந்த இன்னொரு சம்பவம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அப்போது அவர் வட்டமேசை மாநாடுகளுக்குப் போய் வந்த தலைவர். தோழர்கள் சுமார் முப்பது பேரோடு எல்லோராக் குகைகளைப் பார்க்கச் சுற்றுலாவாகப் புறப்படுகிறார். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசி படிந்த முகத்தை வாசலிலிருந்த குளத்தில் கழுவுகிறார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூட்டம் கூடி ஏசுகிறது. கடைசியில் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, காவலுக்கு ஆள் போட்டுத்தான் கோட்டையைப் பார்க்க விடுகிறார்கள். சுற்றுலாப் பயணியாகப் போன அம்பேத்கருக்கு நேர்ந்தது இது. சுவரொட்டி 'வாருங்கள்' என்றது. நூலின் தலைப்பு 'அனுமதிக்காகக் காத்திருக்கிறேன்' என்றது. இரண்டும் ஒரே நாட்டைப் பற்றி, ஒரே காலத்தில் எழுதப்பட்டவை.

4. ஆவடியும் மண்டபமும்

அப்படியானால் அந்தக் காலத்தில் நாம் கடலைப் பார்க்கவே இல்லையா? பார்த்தோம். வேறு வழியாக.

நம் மணவாள நகரிலிருந்து நடந்தால் திருவள்ளூர் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட பாதை, இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சென்னைக்குப் போகும் வழியில் ஆவடி. இன்று ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். 1922 குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆவடி என்றால் மலாயாவுக்குக் கூலிகளை அனுப்பும் முகாம். நாகப்பட்டினத்தில் இன்னொன்று இருந்தது. செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள் அங்கே தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, கப்பலுக்கு அனுப்பப்பட்டன. திருவள்ளூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். நம் வீடுகளில் 'பினாங்குக்குப் போனவர்' என்று பெயர் மட்டும் மிஞ்சி நிற்கும் பாட்டன்மார்கள் இந்த முகாம்கள் வழியாகப் போனவர்களே. 1938-இல் இந்திய அரசு இந்தக் கூலி ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை இது நடந்தது.

அவர்களை ஏற்றிச்சென்ற கப்பல்களில் பெயர்பெற்றது 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா'. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் இடம். கசாந்தர் 1935-இல் 'நார்மண்டி' கப்பலுக்கு வரைந்த சுவரொட்டி நவீனத்துவ வடிவமைப்பின் உச்சம் என்பார்கள். நீர்மட்டத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிவதைப் போல, கப்பலின் முகப்பு மலையாக எழுந்து நிற்கும். அந்தக் கோணத்தைப் பார்க்கும்போது எங்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான். தலையில் மூட்டையோடு படகில் நின்று, ஏறப்போகும் கப்பலை அண்ணாந்து பார்த்தவர்களுக்கும் அது அப்படித்தான் தெரிந்திருக்கும். ஓவியரின் கற்பனைக்கு எட்டிய கோணம் நம்மவர்களுக்கு அனுபவமாகவே கிடைத்தது. அதை வரையத்தான் யாரும் இல்லை.

தெற்கே இராமேசுவரம் பக்கமும் இதே கதை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. சீட்டு வாங்கிய துரைமார்களுக்கு அது கொழும்புக்குப் போகும் உல்லாச வழி. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் மக்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கே இலங்கை அரசின் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, துணிமணிகள் கிருமி நீக்கப்பட்ட பிறகே கடலைத் தாண்ட முடிந்தது. ஒரே தண்டவாளம், ஒரே கடற்கரை. ஒருவர் அழைக்கப்பட்டார், இன்னொருவர் ஏற்றப்பட்டார். அந்த மண்டபம் முகாமே பின்னாளில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கும் ஏதிலிகளுக்கும் முகாமாயிற்று. நம் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நூறாண்டாகியும் அந்தப் பயணத்தின் கதை முடியவில்லை.

5. மெரினா யாருடைய மணல்

ஐரோப்பிய உல்லாசக் கடற்கரையின் நகல் ஒன்றைச் சென்னையிலேயே போட்டார்கள். 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கடற்கரையின் நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்து உலாச்சாலை அமைத்தார். அந்த அகன்ற மணல்பரப்பு இயற்கை தந்தது மட்டுமன்று. அதே காலத்தில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் கடலோர மணல் நகர்வை மறித்தன. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெற்கே உலாவப் போனவர்களுக்குக் கிடைத்த மணலும், வடக்கே உழைக்கும் மக்களின் குப்பங்கள் இழந்த கரையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். நம் பாதையில் சில மின்ரயில்கள் சென்னைக் கடற்கரை வரை போகின்றன. 'கடற்கரை' என்று பெயர்ப்பலகை உள்ள அந்த நிலையத்தில் இறங்கினால் நமக்குத் தெரிவது துறைமுக மதில்தான்.

மெரினாவின் மணலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொன்று. உலாவுவதற்குப் போட்ட மணலில் உழைப்பவர் கூடி உரிமை பேசினார்கள். 1959-இல் அதே மணலோரத்தில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். கடற்கரைச் சுவரொட்டிகள் எதை நீக்கினவோ, அது வெண்கலத்தில் திரும்பி வந்து கடற்கரையிலேயே நிற்கிறது.

ஆனால் சிலைக்குக் கிடைத்த இடம் உயிருள்ளவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி மீனவர்களின் கட்டுமரங்களும் வலைகளும் அகற்றப்பட்டன. எதிர்த்து நின்றவர்கள் மீது டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் பறிபோயின. சுத்தமான மணல், ஒழுங்கான கோடு, ஆளில்லாத தொடுவானம் என்று சுவரொட்டி பழக்கிய கண் அரசின் கண்ணாக மாறும்போது, காகிதத்தில் நடந்த நீக்கம் கரையிலும் நடக்கிறது. சுவரொட்டியைக் கலை என்று மட்டும் பார்க்க முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

6. பத்து நாள்

இனி, நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்குத் திரும்புவோம். ஐரோப்பியத் தொழிலாளியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனது சம்பளத்துடன் விடுப்பு என்று பார்த்தோம். இந்தியத் தொழிலாளிக்கு அதைச் சட்டமாக்க முயன்றவர் யார்?

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு தரும் திருத்த மசோதாவை மத்தியச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1945-இல் அது சட்டமாகி, ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் ஓராண்டு வேலை செய்தவருக்குப் பத்து நாள் விடுப்பு உறுதியானது. 1946-இல் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பிறகு வந்த 1948 தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒருநாள் என்று சம்பள விடுப்பை வரையறுத்தது.

அண்ணலை அரசமைப்புச் சட்டத்தோடும் சாதி ஒழிப்போடும் நினைவுகூர்கிறோம். ஓய்வுக்கான உரிமையைத் தந்தவராகவும் நினைவுகூர வேண்டும். ரயில் நிலையத்தில் தண்ணீரின்றித் தவித்த சிறுவன், கோட்டை வாசலில் ஏச்சு வாங்கிய சுற்றுலாப் பயணி, பின்னாளில் அதிகாரம் கைக்கு வந்தபோது தொழிலாளிக்கு ஊர் சுற்றவும் சும்மா இருக்கவும் பத்து நாள் எழுதிக் கொடுத்தார். 'வாருங்கள்' என்ற சுவரொட்டியின் பொய்யை உண்மையாக்கும் பாதி வேலை அந்தப் பத்து நாளில் இருக்கிறது.

மீதிப் பாதி நம் கண்முன்னே நிற்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் திருப்பெரும்புதூரிலும் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் மணவாள நகர்ச் சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம்? ஒப்பந்தத் தொழிலாளியை 240 நாள் முழுமையாவதற்குள் நிறுத்தி, வேறு ஒப்பந்ததாரர் பெயரில் திரும்ப எடுப்பது இங்கே யாருக்கும் புதுச் செய்தி அல்ல. லீவு போட்டால் அன்றைய கூலி போயிற்று. இரண்டு முறை போட்டால் வேலையே போயிற்று. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் இளைஞர்களிடம், கடைசியாக எப்போது கடலுக்குப் போனீர்கள் என்று கேட்டோம். பெரும்பாலோர் சொன்ன விடை ஒன்றே: காணும் பொங்கல்.

காணும் பொங்கல் யாரும் சுவரொட்டி ஒட்டி அழைக்காத கடற்கரை விடுமுறை. அன்று மெரினாவுக்கும் பழவேற்காட்டுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். புளிச்சோறும் கரும்பும் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ரயிலிலும் வேனிலும் நெருக்கியடித்துப் போகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் எத்தனை டன் குப்பை அள்ளப்பட்டது என்று வருகிறது. அள்ளியவர் யார் என்று வருவதில்லை. ஆண்டு முழுதும் அடுத்தவர் குப்பையை அள்ளும் மக்கள் ஒருநாள் தாங்களும் மணலில் உட்கார்ந்தால், அந்த ஒருநாள் மட்டும் குப்பை செய்தியாகிறது.

7. நாம் ஒட்ட வேண்டியது

பெயின்டர் தோழரின் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இது. அந்தப் படங்களில் உழைப்பவர் இல்லாததற்குக் காரணம் ஓவியர்களின் கெட்ட மனம் அன்று. யாருக்கு ஓய்வு, யாருக்கு வேலை என்று முன்பே பிரித்துவைத்த சமூகம் காசு கொடுத்து வரையச் சொன்ன படங்கள் அவை. நம் நாட்டில் அந்தப் பிரிவினைக்குச் சாதி என்ற காவலும் கூடச் சேர்ந்திருந்தது.

அதற்காக அந்தக் கலையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதன் முறையை எடுத்துக்கொள்ளலாம். நம் சுவரொட்டிகளையும் ஃபிளக்ஸ்களையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இருபது முகங்கள், நாற்பது பெயர்கள், பட்டப்பெயர்கள். சாலையில் போகிறவருக்கு எது கண்ணில் படும்? தேவையற்றதை நீக்கு, ஒன்றை மட்டும் சொல், தூரத்திலிருந்து தெரியும்படி சொல் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். எதை நீக்குவது, யாரை நடுவில் வைப்பது என்பதை மட்டும் நாம் முடிவு செய்வோம்.

இந்த அரங்கில் ஓவியக் கல்லூரி மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் காணும் பொங்கலுக்கு ஒரு சுவரொட்டி வரையுங்கள். தட்டை வண்ணம் போதும், மூன்று வண்ணம் போதும். பழவேற்காட்டுக் கரை, அதில் கால் நனைக்கும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, தோளில் அவர் குழந்தை. கீழே சம்பளத்துடன் விடுப்பு என்ற இரண்டு சொற்கள். அதைத் திருவள்ளூர் ரயில் நிலையச் சாலையில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டுவோம். பசை காய்ச்சும் வேலை எங்களுடையது. சுவருக்கு வெள்ளை அடித்துத் தருவதாகப் பெயின்டர் தோழர் சொல்லியிருக்கிறார்.

ஜெய்பீம்.